வீடு காட்டும்போது வாசனை, அலங்காரம்: நாங்க பாத்ததும் செஞ்சதும்

வீடு விக்கப்போறவங்க நிறைய பேர் எந்த ரூம் ஸ்ப்ரே அடிச்சா நல்லாருக்கும்னு கேக்குறீங்க. நான் ரெண்டு பக்கமும் இருந்திருக்கேன். வாங்குறதுக்காக தென்சென்னை முழுக்க ரீசேல் ஃப்ளாட்டா ஏறி இறங்குனோம், அப்புறம் நங்கநல்லூர்ல மாமனார் மாமியார் இருந்த ஃப்ளாட்ட நாங்களே காட்டி வித்தோம். அந்த அனுபவத்துல சொல்றேன், ஸ்ப்ரே வாங்குற காசுக்கு வாஷிங் சோடாவும் ஒரு நல்ல பிரஷ்ஷும் வாங்குங்க.

மடிப்பாக்கத்துல ஒரு வீடு பாத்தோம். கதவ தொறந்ததும் மல்லிகை ஸ்ப்ரே குப்புனு மூக்குல ஏறுச்சு, ஏசி ஃபுல்லா ஓடுது, ஜன்னலெல்லாம் சாத்தி திரை போட்டு வச்சிருக்காங்க. பாக்க அழகாத்தான் இருந்துச்சு, டீப்பாய் மேல பூ ஜாடி, சோபாவுல புது குஷன். எங்க மாமனார் ஒண்ணும் பேசல. நேரா பெட்ரூமுக்கு போயி பீரோ பக்கத்து சுவத்த விரல மடக்கி தட்டிக்கிட்டே வந்தாரு, ஒரு எடத்துல சத்தம் மாறுச்சு, உள்ள பொள்ளலா இருக்குற மாதிரி. அந்த ஒரு சுவத்துக்கு மட்டும் புது பெயிண்ட். குனிஞ்சு பாத்தா கீழ ஸ்கர்ட்டிங் டைல்ஸுக்கு மேல பெயிண்ட் உப்பி, வெள்ளையா உப்பு பூத்திருக்கு. அதுக்கப்புறம் பட்டா க்ளியர், வில்லங்கம் க்ளியர்னு அவங்க என்ன சொன்னாலும் மனசு ஒட்டல, சுவத்துல ஈரம் ஏறுன ஓதத்தையே மறைச்சவங்க வேற என்னத்த மறைச்சாங்களோன்னு தான் ஓடுச்சு. அந்தப் பக்கம் வீடு பாக்குறவங்க 2015 டிசம்பர்ல தண்ணி வந்துச்சா, 2023 மிக்ஜாம் புயலப்போ வந்துச்சான்னு கேட்டுக்கிட்டே தான் படியேறுவாங்க, அவங்க மூக்குல ஸ்ப்ரே அடிச்சா சந்தேகம் வராம என்ன வரும்.

நாங்க விக்கும்போது வந்த பிரச்சனை வேற. மாமனாரும் மாமியாரும் எங்ககூட வந்துட்டதால அந்த ஃப்ளாட் பல மாசம் பூட்டியே கிடந்துச்சு, கதவ தொறந்தா சாக்கடை வாடை. எதிர்வீட்டு மாமி செப்டிக் டேங்க் தான்னு அடிச்சு சொன்னாங்க. பிளம்பர் வந்து பாத்ரூம் ஜாலிய தூக்கிட்டு டார்ச் அடிச்சு காட்டுனாரு, உள்ள வளைவுல நிக்கவேண்டிய தண்ணி சுத்தமா வத்தி போயிருக்கு. "அந்த தண்ணி தாம்மா மூடி, கீழருந்து வர்ற வாடைய அதான் நிறுத்துது, பொழங்காம விட்டா காஞ்சிடும்"னு சொல்லிட்டு பாத்ரூம், பால்கனி, வாஷிங் மெஷின் பாயிண்ட், சிங்க்குன்னு எல்லாத்துலயும் தண்ணி ஊத்துனாரு. மேல கொஞ்சம் எண்ணெய் விட்டா சீக்கிரம் ஆவியாகாதுன்னும் சொன்னாரு. மறுநாள் போயி தொறந்தா வாடை இல்ல! பூட்டுன வீட்ட விக்கிறவங்க தயவுசெஞ்சு மொதல்ல இத பண்ணுங்க, யாரும் சொல்லித்தர்றதில்ல.

மிச்சதெல்லாம் வழக்கமான வேல தான். வாஷ்பேசின்லயும் பீரோலயும் கிடந்த அந்துருண்டைய எடுத்தோம், பழைய இலவம்பஞ்சு மெத்தைய வெளியேத்துனோம், சிம்னி ஃபில்டர சுடுதண்ணியில சோடா போட்டு ஊறவச்சு தேச்சோம். ஆளுங்க வர்ற அன்னிக்கு காலையிலேயே முன்பக்கமும் பின்பக்கமும் ஜன்னல தொறந்து விட்டுட்டோம்.

புரோக்கர் சாம்பிராணி போடுங்க, லக்ஷ்மிகரமா இருக்கும்னாரு, நாங்க போடல. குரோம்பேட்டையில என் ஃப்ரெண்டு வீட்டுல அப்படி புகை போட்டு வச்சிருந்தப்போ வந்த குடும்பத்துல ஒரு வீசிங் பையன், இருமல் நிக்காம அவங்க கிச்சன்கூட பாக்காம கெளம்பிட்டாங்க. வாசனையே கூடாதுன்னு சொல்லல. சுவிட்சர்லாந்துல வீட்டு அலங்காரப் பொருள் விக்கிற ஒரு கடையில பண்ணி 2013ல வெளியான ஆய்வு ஒண்ணு இருக்கு, வெறும் ஆரஞ்சு வாசனை இருந்தப்போ வந்தவங்க சராசரியா 20 சதவீதம் அதிகமா செலவு பண்ணாங்களாம், அதே ஆரஞ்சுல கிரீன் டீ, துளசி மாதிரி ஒரு இலைன்னு கலந்தப்போ அந்த பலன் இல்ல. கடையும் வீடும் ஒண்ணு இல்ல தான், ஆனா ஒரே வாசனை, அதுவும் லேசா இருந்தா போதும்ங்கறத நான் நம்புறேன். எங்களுக்கு அது டிகாக்ஷன் வாசனை. வர்றவங்களுக்கு காபி குடுக்கணும்ல, அதுக்கு போட்டது தான்.

அலங்காரம்னு பாத்தா பரண் மேல இருந்த சூட்கேஸ் எல்லாம் எடுத்தது, பால்கனி கொடிய கழட்டிட்டு துளசித் தொட்டிய வச்சது, ஹால்ல மங்கிப்போன டியூப்லைட்ட மாத்துனது, அவ்ளோதான். மாலை போட்ட தாத்தா பாட்டி படத்த மாமியாரே எறக்கி தொடச்சு புடவையில சுத்தி எங்க வீட்டுக்கு கொண்டு வந்துட்டாங்க. அது அவங்களுக்கு கஷ்டமா இருந்துச்சு, நாங்க யாரும் கேக்கல, அவங்களா செஞ்சது. பூஜை அலமாரிய மட்டும் அப்படியே விட்டோம், ஈசானி மூலையில இருக்கான்னு தான் எல்லாரும் மொதல்ல பாத்தாங்க. ஞாயித்துக்கிழமை வர்றவங்கள காலையிலேயே வரச்சொல்லிடுங்க, நாலரைலருந்து ஆறு வரை ராகுகாலம், கடைசி நிமிஷத்துல வரலன்னுடுவாங்க.

கடைசியா வாங்குனவரு ரிட்டயர்டு பேங்க்காரர். வந்ததும் சோபாவ பாக்கல, பூவ பாக்கல, கிச்சன் குழாய தொறந்து உள்ளங்கையில தண்ணி புடிச்சு மோந்து பாத்தாரு. "போர் தண்ணியா? இரும்பு வாடை இல்லியே"ன்னு அவரே சொல்லிக்கிட்டாரு. நாங்க பெட்ரூம் ஜன்னல் கீழ இருந்த பழைய ஓதக்கறைய அவரு கேக்குறதுக்கு முன்னாடியே காட்டி, சன்ஷேடுக்கு வாட்டர்ப்ரூஃபிங் பண்ண பில்லையும் குடுத்தோம். அதுக்கு கொஞ்சம் வெல கொறச்சு கேட்டாரு, குடுத்துட்டோம். அதுக்கப்புறம் எந்த இழுபறியும் இல்லாம பத்திரம் முடிஞ்சுது.

அடுத்து நாத்தனார் வீடு, தாம்பரத்துல, ஐப்பசி கார்த்திகையிலயே காட்டியாகணும். அடைமழையில ஜன்னல் தொறக்க முடியாது. அந்த நேரத்துல காட்டி வித்தவங்க ஈர வாடைக்கு என்ன பண்ணீங்கன்னு எழுதுங்க.