மறுமொழி: டிராகனுக்குத் தமிழில் என்ன சொல்ல? யாளி வேண்டாம், வலுநாகம்

அண்ணாச்சிக்கும் குழும நண்பர்களுக்கும் வணக்கம்.

ஊரில் சுடலைமாடன் கொடை. மூன்று நாளாக மடல் எதையும் திறக்கவில்லை. இன்று பாளையங்கோட்டை திரும்பி வந்து பார்த்தால் இழை யாளியில் போய் நிற்கிறது. சிறுவர் நூலகத்துக்கான சொற்பட்டியல் என்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

> கையில் யாளி இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

யாளி மேல் எனக்கும் ஆசை உண்டு அண்ணாச்சி. ஆனால் நெல்லையப்பர் கோயில் தூணில் நிற்பதை இன்னொரு முறை பாருங்கள். சிங்க உடம்பு, சில இடங்களில் யானைத் துதிக்கை. பாம்புச் சாயல் மருந்துக்கும் கிடையாது. சங்கப் பாட்டில் வரும் ஆளியும் யானையைக் கொன்று கொம்பைப் பிடுங்கிக் குருத்தைத் தின்கிற மலைவிலங்குதான். டிராகனுக்கோ அடிப்படை உரு பாம்பு. யாளி என்று வைத்தால் இரண்டு சொல்லும் கெட்டுப்போகும். நாளைக்குக் கோயில் தூணைப் பார்க்கிற பிள்ளை, 'இது சீனாவிலிருந்து வந்ததா?' என்று கேட்கும்.

> பறவைநாகம் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது.

இருக்கிறது. படம் பார்த்து வைத்த பெயர், அதுதான் சிக்கல். ஆங்கிலச் சொல்லுக்கு மூலமான கிரேக்க 'ட்ராகோன்' வெறும் பெரும்பாம்பு. 'பார்த்தல்' என்ற வினையிலிருந்து வந்தது என்பார்கள். கூர்ந்து பார்க்கிறது, கண் இமைக்காமல் காவல் இருக்கிறது. கிரேக்கக் கதைகளில் பொன் ஆட்டுத் தோலைக் காத்ததும் பொன் ஆப்பிள் மரத்தைச் சுற்றிக் கிடந்ததும் அந்த வகைதான். வட ஐரோப்பாவின் நார்சுக் கதையில் ஃபாஃப்னிர் தங்கத்தின் மேல் ஆசைப்பட்டு உருமாறியவன். அவன் தண்ணீர் குடிக்க ஊர்ந்து போகிற தடத்தில் குழி வெட்டி, உள்ளே பதுங்கி, அடிவயிற்றில் குத்திக் கொல்கிறான் சிகுர்து என்ற வீரன். பறக்கிற ஆளாக இருந்தால் குழி எதற்கு? சீனத்து டிராகனான 'லுங்' பறக்கும், ஆனால் பொதுவாகச் சிறகு இல்லை. ஆக, பறவைநாகம் என்றால் பாதிப்பேர் வெளியே நிற்பார்கள்.

நெருப்பும் எல்லோருக்கும் பொது இல்லை. சீனத்து டிராகன் நீருக்கு அதிபதி; மழை பொய்த்தால் நாம் கொடும்பாவி கட்டி இழுப்போம், அங்கே அதைக் கும்பிடுவார்கள். ரிக் வேதத்து விருத்திரனோ தண்ணீரை மறித்துக்கொண்டு கிடக்கிற பாம்பு. இந்திரன் வச்சிரத்தால் அடித்த பிறகுதான் ஆறு ஓடுகிறது. ஒன்று தருகிறது, ஒன்று தடுக்கிறது.

அப்புறம் பொதுவாக என்னதான் இருக்கிறது என்று யோசித்தேன். பாம்பு உடம்பு, அதோடு, பெரும்பாலும், காத்து வைத்திருக்கிற ஒரு பொருள். ஐரோப்பாவில் புதையல். சீன ஓவியத்தில் முத்து. பூட்டான் கொடியில் இருக்கும் 'துருக்', இடிமுழக்கத்து டிராகன், நகங்களில் மணிகளைப் பிடித்திருக்கிறது. நம் ஊரில்? கிழட்டு நாகம் மாணிக்கத்தைக் கக்கி வைத்து அந்த வெளிச்சத்தில் இரை தேடும் என்பது சின்ன வயதில் கேட்ட கதை. புதையல் மேல் நாகம் படுத்திருக்கும் என்பதும் அப்படித்தான். ஆக, நாகம் என்ற சொல்லிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

இதைவிடப் பெரிய சாட்சி ஒன்று உண்டு. பௌத்த நூல்களைச் சீனத்துக்கு மொழிபெயர்த்தவர்கள் 'நாகம்' வந்த இடத்தில் எல்லாம் 'லுங்' என்றே எழுதினார்கள். நாகராசன் அங்கே லுங்-அரசன் ஆனான். அவர்கள் அன்று போட்ட பாலத்தில் நாம் இந்தப் பக்கமாக நடந்தால் போதும்.

சரி, வெறும் நாகம் என்றால் நல்லபாம்பாகிவிடும். முன்னொட்டு ஒன்று வேண்டும். அதை எங்கள் ஆச்சியிடமிருந்து எடுக்கிறேன். அம்மையைப் பெற்ற ஆச்சிக்கு ஊர் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்துப் பக்கம். அவள் வாசிக்கிற பழைய வேதாகமத்தில், வெளிப்படுத்தின விசேஷம் 12ஆம் அதிகாரத்தில், ஏழு தலையும் பத்துக் கொம்புமாக வருவது 'வலுசர்ப்பம்'. அப்படியென்றால் என்ன ஆச்சி என்று கேட்டால், "மலப்பாம்பு மாதிரிதாம்ல, ஆனா கெட்ட புத்தி உள்ளது" என்பாள். கத்தோலிக்கரின் திருவிவிலியத்தில் இதே இடத்தில் 'அரக்கப் பாம்பு'. இரண்டும் நல்ல தமிழாக்கம்தான், ஆனால் இரண்டிலும் சாத்தான் வாடை அடிக்கும். பூட்டான்காரர் கொடியில் வைத்துக் கும்பிடுவதைப் போய் அரக்கப் பாம்பு என்று எப்படிச் சொல்ல?

அதனால் ஆச்சியின் வலுவையும் கோயில் நாகத்தையும் சேர்த்து: வலுநாகம்.

கூட்டுச்சொல்லாக ஓட்டிப் பார்த்தேன். 2024 சீனர்களுக்கு வலுநாக ஆண்டு. வேல்சு நாட்டுக் கொடியில் இருப்பது செவ்வலுநாகம் (வாய் கொஞ்சம் திணறுகிறது, 'சிவப்பு வலுநாகம்' போதும்). மெக்சிகோவின் பழைய தெய்வமான 'கெட்சால்கோவாட்டில்' என்ற பெயருக்கே இறகுப் பாம்பு என்றுதான் பொருள்; அதை இறகுநாகம் எனலாம். கொமோடோ டிராகனுக்கு இந்தச் சொல் வேண்டாம். அது உடும்புக் குடும்பம், கொமோடோ உடும்பு என்றால் முடிந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மரத்துக்கு மரம் சறுக்கிப் போகும் டிராக்கோ இனத்துப் பறக்கும் ஓணானையும் விட்டுவிடுவோம். டிராகன் பழத்தில் நான் தலையிடவில்லை. சந்தையில் யாரும் கேட்கப்போவதில்லை.

> நாகம் வடசொல். வல்லரவு என்றால் தூய தமிழாகவும் இருக்கும்.

அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் 'சீன வல்லரவு' என்று கைப்பேசியில் தட்டிப் பாருங்கள். அது வல்லரசு என்று திருத்தும். அது விட்டாலும் அச்சகத்தில் விடமாட்டார்கள். மழை தரும் சீன வல்லரசு என்று பிள்ளைகள் படிக்க வேண்டாம்.

தென்காசி நண்பர் கேட்டதும் நியாயம்: வலுநாகம் என்றால் முண்டந்துறைக் காட்டு ராஜநாகத்தில் ஒரு வகை என்று நினைக்கமாட்டார்களா? நினைக்கலாம். அதனால் புத்தகத்தில் முதல்முறை வரும்போது மட்டும் 'டிராகன் எனப்படும் வலுநாகம்' என்று எழுதி, பக்கத்தில் படம் போட்டுவிடலாம்.

கடைசியாக ஒன்று அண்ணாச்சி. மாதிரிப் பக்கத்தில் 'தீயைக் கக்குகிறது' என்று நான் எழுதியதை 'உமிழ்கிறது' என்று திருத்தியிருக்கிறீர்கள். மறுபடி மாற்றிவிட்டேன். மாணிக்கத்தைக் கக்குகிற நாகம் தீயை மட்டும் ஏன் உமிழ வேண்டும்?