மறு: காட்டுக்கும் பிழைப்புக்கும் சேர்த்து ஒரு சொல்

அன்புள்ள குழுவினர்க்கு,

காட்டைக் காப்பதையும் அதை நம்பிய பிழைப்பையும் சேர்த்துச் சொல்ல நாம் தேடிவரும் தமிழ்ச்சொல் பற்றி. ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையை உள்ளடக்கித் தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயம் 2024இல் அறிவிக்கப்பட்டபின், பட்டி மாடுகளின் மேய்ச்சல் என்னவாகும் என்பதே அந்தியூர்ப் பக்கம் பேச்சு. அங்கே கொடுக்க வேண்டிய துண்டறிக்கை வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. நான் ‘வன நிலப்பரப்புப் பாதுகாப்பு’ என்று எழுதியிருந்ததை, வனம் வடசொல் என்று அடித்துப் புலவர் ஐயா ‘காட்டுநிலப் பேணல்’ ஆக்கினார். அடிவாரத்தில் மானாவாரிக் கடலை போடும் பெரியவர் ஒருவரிடம் அதைப் படித்துக் காட்டினேன். “வரப்புப் போடறதுக்கு மானியமுங்களா?” என்று கேட்டார்.

அவர்மேல் குற்றமில்லை. கொங்கில் காடு என்றால் மேட்டாங்காடு என்னும் புன்செய் நிலம்; காட்டுக்குப் போகிறேன் என்றால் களை வெட்டப் போகிறேன் என்று பொருள்.

நிலப்பரப்பு என்பது அளவைச் சொல்கிறதே தவிர அங்கு வாழ்வோரைச் சொல்லவில்லை என்ற கோவை அம்மையாரின் மறுப்பு எனக்கு உடன்பாடே. அவர் தரும் ‘திணை’யும் எளிதில் தள்ளத்தக்கதன்று. தொல்காப்பியம் திணைக்குரிய கருப்பொருளை ‘தெய்வம் உணாவே மாமரம் புட்பறை செய்தி’ என்று எண்ணுகிறது; அங்கே செய்தி என்பது தொழில். மரமும் விலங்கும் நிற்கும் வரிசையிலேயே பிழைப்பும் நிற்கிறது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மேய்ச்சலையும் தேன், நெல்லி போன்ற சிறு வன மகசூலையும் உரிமையாக ஏற்றதும் ஏறக்குறைய இந்தப் பார்வைதான். ஆயினும் ‘திணைப் பேணல்’ என்று அச்சிட்டால், தினைக்கு என்ன விலை என்பார்கள்.

‘வளங்குன்றா’ (sustainable) என்பதற்கு மாற்றாக எனக்குத் தோன்றுவது ‘விட்டெடுப்பு’; மீண்டும் வளர வேண்டியதை விட்டு, மற்றதை எடுப்பது. கிளையை முறிக்காமல் நெல்லி பறிப்பதும், புழு அடையை விட்டுத் தேனடையை மட்டும் அறுப்பதும் அதுவே. விட்டுவிட்டு எடுத்தல் என்று மயங்குமே என்கிறார் கோபிசெட்டிபாளையத்து நண்பர். ‘விடு’வின் வேரைத் தேடி அவர் எழுதிய நான்கு மடல்களைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம். வாழ்வாதாரத்திலுள்ள ஆதாரம் வடசொல்லானாலும் அதை நான் தொடப்போவதில்லை.

மாற்றுச்சொல் வராவிட்டால் வியாழன் இரவு ‘வனம்’ என்றே அனுப்பிவிடுவேன்.

———

(புலவர் ஐயாவின் மறுமொழி) ஐயா, ‘மலைக்காடு’ என்றால் வரப்பு நினைவுக்கு வாராது. வனத்துக்கு நான் இசையேன்.

———

(அதற்கு வந்த மறுமொழி) புலவர் ஐயாவுக்கு வணக்கம். மோயாற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கும் காட்டை மலைக்காடு என்று எப்படிச் சொல்வது?