மகள் கல்யாணத்தில் மணையில் யார் உட்காருவது?

மொட்டைமாடி (சென்னை):

எனக்கு வயது 54. கல்யாணமாகி 27 வருஷம் கழித்து, போன வருஷம் விவாகரத்து வாங்கினேன். இரண்டு பேரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டு வாங்கியதுதான். குடி, அடி, இன்னொரு பெண் என்று எதுவும் இல்லை. அதனாலேயே யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. "அவர் அப்படி என்னம்மா பண்ணாரு?" என்று கேட்பவர்களிடம் சொல்ல என்னிடம் கதை இல்லை. அவர் ஒன்றும் பண்ணவில்லை. பத்து வருஷமாகப் பேசக்கூட இல்லை. என் அப்பா இறந்த அன்று ராத்திரி, யார் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் வந்து நின்றவர், "நாளைக்கு வண்டியை சர்வீஸுக்கு விடணும்" என்றார். எனக்குள் அன்றைக்கே முடிந்துவிட்டது. ஊருக்குத் தெரிய இன்னும் ஆறு வருஷம் ஆனது.

கோர்ட் நான் பயந்த அளவுக்கு இல்லை. பரஸ்பர சம்மதம் என்றால் குறைந்தது ஒரு வருஷம் தனித்தனியாக வாழ்ந்திருக்க வேண்டும். மனு போட்ட பிறகு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். நிலைமையைப் பார்த்து அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, கேட்டுப் பார்க்கலாமா என்றார் வக்கீல். நான்தான் வேண்டாம் என்றேன். இத்தனை வருஷம் இருந்தாயிற்று, ஆறு மாதத்தில் என்ன குறைந்துவிடப் போகிறது?

கவுன்சிலிங்கில் ஒரு பெண், என் மகளைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள், "இந்த வயசுல எதுக்கும்மா? இவ்வளவு நாள் ஓட்டிட்டீங்க" என்றாள். நான் வாய் திறப்பதற்குள் அவர் சொன்னார்: "அவங்க யோசிச்சுதான் முடிவெடுத்திருக்காங்க மேடம். கையெழுத்து எங்க போடணும்?" நாலு பேருக்கு முன்னால் அவர் எனக்காகப் பேசியது அதுதான் முதல் தடவை. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

கஷ்டம் அப்புறம்தான் வந்தது, அதுவும் மருந்துக்கடையில். "சாருக்கு சுகர் மாத்திரை தீர்ந்திருக்குமேம்மா" என்றான் கடைப் பையன். ஒன்றும் சொல்லாமல் இரண்டு அட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மெட்ஃபார்மின் 500. இன்னும் அலமாரியில் இருக்கிறது. ராத்திரி எட்டு மணிக்கு அவருக்காகப் போனில் வைத்த அலாரமும் அடித்துக்கொண்டிருக்கிறது. திரும்பிப் போகும் எண்ணம் துளிகூட இல்லை. ஆனால் வேண்டாம் என்று நானே விட்டு வந்த மனுஷன் மாத்திரை போட்டாரா என்று எட்டு மணிக்கு ஒரு நிமிஷம் தோன்றத்தான் செய்கிறது. இதை யாரிடம் சொல்வது? புருஷன் செத்துப்போயிருந்தால் பதினாறு நாள் வீடு நிறைய ஆள் இருந்திருக்கும். இதற்கு வந்தது ஒரே ஒரு சித்தி. ஒரு தூக்கு நிறையப் புளிக்குழம்போடு வந்து, "எவ்வளவு கொடுத்தாரு?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆவணியில் மகளுக்குக் கல்யாணம். தாரை வார்க்கத் தம்பதியாகத்தான் மணையில் உட்கார வேண்டும் என்கிறார் ஐயர். பெரியப்பா பெரியம்மா உட்காரட்டும், நீ சாப்பாட்டுப் பக்கம் பார்த்துக்கொள் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். 'அன்றைக்கு ஒரு நாள் மட்டும்' சேர்ந்து உட்காரலாமே என்றும் ஒரு யோசனை வருகிறது. இதைக் கடந்தவர்கள் யாராவது இருந்தால் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்.

ரிட்டயர்டு ஆள் (கோவை):

நான் அந்தப் பக்கத்து ஆள். 31 வருஷம் கழித்து மனைவி கிளம்பிப் போன வீடு எங்களுடையது. வயது 63, மத்திய அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்.

முதல் ஒரு மாதம் நான் கவலையே படவில்லை. எங்கே போய்விடப் போகிறாள், பொங்கலுக்கு வந்துவிடுவாள் என்று இருந்தேன். பொங்கல் வந்தது, அவள் வரவில்லை. கேஸ் சிலிண்டர் வந்த அன்றுதான் எனக்கு உறைத்தது. சிலிண்டர் கொண்டு வந்தவர் ஒரு எண் கேட்டார். பதிவு செய்திருந்தது அவளுடைய போன் நம்பர், எண் அங்கேதான் போயிருந்தது. கூச்சப்பட்டுக்கொண்டு மெசேஜ் அனுப்பினேன். எண் மட்டும் வந்தது. நலமா என்று இல்லை, ஒரு எழுத்துகூட இல்லை. அடுத்த சிலிண்டருக்கும் அப்படியே. நம்பரை மாற்றுவது பத்து நிமிஷ வேலை. ஒரு வருஷம் மாற்றாமல் வைத்திருந்தேன். ஏன் என்று நீங்களே புரிந்துகொள்ளுங்கள்.

பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். என் பென்ஷன் புத்தகத்தில் அவள் பெயரும் ஜோடி போட்டோவும் இருந்தன. என்ன சண்டை இருந்தாலும் எனக்குப் பிறகு குடும்ப பென்ஷன் அவளுக்குப் போகும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போகாது. விவாகரத்து ஆகிவிட்டால் அவள் என் விதவை ஆக மாட்டாள், உரிமை அங்கேயே நின்றுவிடும். வக்கீல் சொல்லித்தான் தெரிந்தது. அதை ஈடுகட்டும் மாதிரி ஒரு தொகை பேசி, கையெழுத்துக்கு முன்பே கொடுத்தேன். நல்லவன் என்று காட்டிக்கொள்ள எழுதவில்லை. அந்த 31 வருஷத்தில் என் ஆபீஸ் டிபன் பாக்ஸ் ஒரு நாளும் காலியாகப் போனதில்லை, அந்தக் கணக்குதான்.

கல்யாணக் கேள்விக்கு வருகிறேன். என் பையன் கல்யாணத்தில் நான் முறுக்கிக்கொண்டேன். அவள் மேடையில் நின்றால் நான் ஏற மாட்டேன் என்றேன். ஏறவும் இல்லை. பந்தியில் நின்று, பாயசம் எல்லா இலைக்கும் போய்விட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய வீராப்பு. ஆல்பம் வந்தபோது 240 படத்தில் நான் இருந்தது ஒன்றில், அதுவும் முதுகு. உங்கள் வீட்டுக்காரர், சரி, முன்னாள் வீட்டுக்காரர், அப்படி ஏதாவது பேசினால் இதைப் படித்துக் காட்டுங்கள்.

நடுவில் ஒருத்தி (பெங்களூரு):

ஆன்ட்டி, நான் உங்கள் பெண் இடத்திலிருந்து எழுதுகிறேன். எனக்கு 29. அப்பாவும் அம்மாவும் பிரிந்தபோது 25. 'வளர்ந்த பிள்ளைதானே, தாங்கிக்கொள்வாள்' என்று எல்லாரும் முடிவு செய்துவிட்டார்கள். தாங்கினேன்தான். ஆனால் என்னைத் தபால்காரி ஆக்கிவிட்டார்கள். "உங்கப்பாகிட்ட சொல்லு, வீட்டு வரி ரசீது அவர்கிட்ட இருக்கு." "உங்கம்மாகிட்ட கேளு, என் டிகிரி சர்ட்டிபிகேட் எந்தப் பெட்டில இருக்குன்னு." தீபாவளிக்கு இரண்டு வீட்டிலும் முறுக்கு, இரண்டு வீட்டிலும் "அங்க நல்லாருந்துச்சா, இங்கயா?"

எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. யாரும் வெளியேறவில்லை, யாரும் எதுவும் போடுவதும் இல்லை. கடைசியாக இருப்பது அப்பா போட்ட ஒரு மழைப் படம், நாலு வருஷத்துக்கு முந்தையது.

ஐயரிடம் கேட்டிருக்கிறீர்கள், சொந்தக்காரர்களிடம் கேட்டிருக்கிறீர்கள், இங்கேயும் கேட்கிறீர்கள். உங்கள் பெண்ணிடம் கேட்டீர்களா? உங்கள் பதிவில் அது இல்லை.

தையல்காரி (அருப்புக்கோட்டை பக்கம்):

மேலே எழுதியவர்கள் எல்லாரும் கொடுத்துவைத்தவர்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், கோவித்துக்கொள்ள வேண்டாம். பரஸ்பர சம்மதம் என்பதெல்லாம் கையில் சம்பளமோ பேங்கில் பணமோ இருக்கிறவர்களுக்கு. என்னை 22 வருஷம் கழித்து, கட்டிய சேலையோடு வாசலில் நிறுத்தினார்கள். இரண்டு பெண் பிள்ளைகள். நகை, பாத்திரம், தையல் மெஷின் எல்லாம் உள்ளே.

போலீஸ் ஸ்டேஷனில் சமாதானம் பேசி அனுப்பினார்கள், அதை விடுங்கள். எனக்கு வழி காட்டியது மாவட்ட நீதிமன்ற வளாகத்துக்குள் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம். பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது, ஏழையோ பணக்காரியோ இலவச வக்கீல் கேட்கலாம். இது பல பேருக்குத் தெரியாது. 15100 என்ற நம்பருக்குப் போன் பண்ணியும் கேட்கலாம். எனக்கு வந்த வக்கீலம்மா முதல் நாளே ஒன்று சொன்னார். அம்மா வீட்டில் போட்டது, கல்யாணத்தில் உனக்கென்று வந்த நகை, பாத்திரம் எல்லாம் சீதனம், அது உன் சொத்து, கேட்டு வாங்குவது பிச்சை இல்லை என்று. நான் 22 வருஷமாக அது அவர்கள் வீட்டுச் சொத்து என்றே நினைத்திருந்தேன்.

ஜீவனாம்ச மனு 2021-ல் போட்டோம். எதிர்த்தரப்பான என் வீட்டுக்காரர் தனக்கு வருமானமே இல்லை என்றார். லாரி இரண்டு ஓடுகிறது! ஆனால் 2020-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி இரண்டு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாக எழுதிக் கொடுத்தாக வேண்டும். அதில் பேங்க் கணக்கு மாட்டியது. அதே தீர்ப்பில், மனு போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் கணக்கு என்றும் இருக்கிறது. உத்தரவு வர இரண்டு வருஷம் ஆனாலும் பழைய பாக்கியைச் சேர்த்துத்தான் போட்டார்கள். மொத்தமும் வந்ததா என்று கேட்காதீர்கள். தவணை தவணையாக இழுத்து இழுத்து வந்தது. முதல் தவணையில் ஒரு பழைய ஓவர்லாக் மெஷின் வாங்கினேன். (பழைய குற்றவியல் சட்டத்தில் 125 என்று சொல்வார்களே, அந்தப் பிரிவுக்கு 2024 ஜூலையிலிருந்து புதுச் சட்டத்தில் 144 என்று நம்பர். புதிதாகப் போடுகிறவர்கள் குழம்ப வேண்டாம்.)

இப்போது மணைக்கு வருவோம். என் பெரிய பெண் கல்யாணத்தில் இதே பேச்சு வந்தது. "வாழாவெட்டி" என்று என் காதுபடவே சொன்னார்கள். நான் ஐயரையே கூப்பிடவில்லை. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967-ல் சட்டம் கொண்டு வந்தாரே, சுயமரியாதைக் கல்யாணம், அந்த முறையில் செய்தோம். உறவினர், நண்பர் முன்னால் மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ செல்லும். அதில் தாரை வார்ப்பதே கிடையாது, அப்புறம் எங்கே மணை? பெண்ணுக்குப் பாடம் நடத்திய வாத்தியார் ஒருவர் தலைமை தாங்கினார். தாலித் தட்டை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். கை நடுங்கியது. நாலு பேர் முகம் சுளித்தார்கள், நாலு பேர் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். முகம் சுளித்தவர்களில் ஒருத்தி இப்போது என்னிடம்தான் ஜாக்கெட் தைக்கிறாள். அளவு எடுக்கும்போது கொஞ்சம் இறுக்கிப் பிடிப்பேன்.

'அன்றைக்கு ஒரு நாள் மட்டும்' சேர்ந்து உட்காருவது என்கிறீர்களே, அதை மட்டும் செய்யாதீர்கள். ஒரு நாள் உட்கார்ந்தால், அப்படியே இருந்துவிட வேண்டியதுதானே என்று மறுநாளே பஞ்சாயத்து ஆரம்பிக்கும்.

மொட்டைமாடி (சென்னை):

புரட்டாசி பிறந்துவிட்டது, கல்யாணம் முடிந்துவிட்டது. கேட்டுவிட்டுக் காணாமல் போகக் கூடாது என்று எழுதுகிறேன்.

பெங்களூருப் பெண் சொன்னது சுருக்கென்று இருந்தது. அன்று ராத்திரியே மகளிடம் கேட்டேன். அவள் ரொம்ப நாளாகக் காத்திருந்தவள் மாதிரி பதில் சொன்னாள். "மாமாவும் அத்தையும் மணையில உட்காரட்டும். நீயும் அப்பாவும் ரெண்டு பக்கம் நில்லுங்க. தாலித் தட்டு நீ எடுத்துக் கொடு. ரிசப்ஷன் போட்டோல ரெண்டு பேரும் சேர்ந்து நிக்கணும்னு இல்ல, தனித்தனியா வாங்க. ஆனா ரெண்டு பேரும் வாங்க." என் அண்ணனும் அண்ணியும் சரி என்றார்கள். ஐயரும் தாய்மாமன் தாரை வார்ப்பது உண்டுதான் என்று தலையாட்டிவிட்டார். முன்னமே இதைச் சொல்லியிருக்கலாம்.

பத்திரிகைதான் பெரிய கூத்து. 'திருமதி, திரு' என்ற பழைய அச்சு வேண்டாம், எங்கள் பெயரை இரண்டு தனி வரியாகப் போடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். அச்சகத்தில் அதைப் பிழை என்று நினைத்து, நல்ல மனசோடு இரண்டு பேரையும் ஒரே வரியில் சேர்த்துவிட்டார்கள். திருத்திக் கொடுத்தேன். மறுபடியும் சேர்த்தார்கள். மூன்றாவது தடவை நேரில் போய், "பிரிஞ்சுட்டோம் தம்பி" என்றேன். பத்திரிகை அடிக்கிற இடத்தில் நின்று அதைச் சொல்வது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அந்தப் பையன் பாவம், டீ வாங்கிக் கொடுத்தான்.

கல்யாணத்தன்று அவர் ஆறு மணிக்கே வந்துவிட்டார். கோவைக்காரர் எழுதியதைப் படித்துக் காட்டவில்லை, ஆனால் மகளுக்கு அனுப்பியிருந்தேன். அவள் என்ன செய்தாளோ தெரியாது. தாலித் தட்டை நான் நீட்டியபோது எனக்கும் கை நடுங்கியது. அருப்புக்கோட்டைத் தோழியை அந்த நேரத்தில் நினைத்தேன். பெரியம்மா முறை ஒருத்தி, ஆரத்தி எடுக்க என்னைத் தவிர மற்ற எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அது வலித்தது. வலிக்கவில்லை என்று எழுதினால் பொய்.

பந்தியில் அவருக்கு இரண்டு இலை தள்ளி உட்கார்ந்தேன். சாப்பிட்டு முடித்துச் சட்டைப் பையிலிருந்து ஒரு டப்பா எடுத்தார். திங்கள், செவ்வாய் என்று கட்டம் போட்டது. மாத்திரை வேறு நிறமாக இருந்தது.

"மாத்திட்டாங்களா?" என்றேன்.

"ம், போன மாசம். இப்ப ரெண்டு வேளை."

"பழசு ரெண்டு அட்டை வீட்டுல இருக்கு."

"தேதி பாத்துத் தூக்கிப் போட்டுரு."

நாங்கள் பேசியது அவ்வளவுதான். மத்தபடி சமையல் காண்ட்ராக்டருக்கு இன்னும் 38,000 ரூபாய் பாக்கி. பாதி அவர் தருவதாகப் பேச்சு. நினைவுபடுத்தி மெசேஜ் போட்டு இரண்டு நாள் ஆகிறது. நீல டிக் வந்துவிட்டது, பதில் இன்னும் வரவில்லை.