ஸ்க்ரீனில் நீலம், அச்சில் ஊதா: ஃபைலில் எங்கே தப்பு?

வண்ணக்கிறுக்கி:
நான் வரைந்த ஓவியத்தை ஏ5 அட்டையாக அச்சடிக்கக் கொடுத்தேன். ஸ்க்ரீனில் பளீரென்று இருந்த நீலம் ஊதாவாக வந்திருக்கிறது, போதாததற்கு ஒரு பக்க ஓரத்தில் மட்டும் மயிரிழை போல வெள்ளைக் கோடு. அச்சகத்தில் கேட்டால் "நீங்கள் கொடுத்த ஃபைல் அப்படி" என்கிறார்கள். ஃபைல் ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீல ஒளியில் நிறம் காட்டும் ஸ்க்ரீன் முறை), 148 x 210 மிமீ, 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), ஜேபெக். என்ன தப்பு செய்தேன்? மறுபடி கொடுக்க வேண்டும்.

மைத்துளி:
டிபிஐயில் தப்பில்லை, நிறமுறையிலும் அளவிலும்தான். ஸ்க்ரீன் ஒளியால் நிறம் காட்டுகிறது, காகிதத்தில் இருப்பதோ சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நாலே மை, அதை வைத்து அந்தப் பளீர் நீலத்தை யாராலும் எட்ட முடியாது. ஆர்ஜிபி நீலத்தை சிஎம்ஒய்கே, அதாவது இந்த நாலு மைக் கணக்கு, ஆக்கும்போது சியானும் மெஜந்தாவும் கிட்டத்தட்ட சமமாக வந்து விழும், சமமாக விழுந்தால் கண்ணுக்கு ஊதாதான். மெஜந்தாவை சியானைவிட 30 சதவீதமாவது குறைத்து வையுங்கள், 100க்கு 60 என்பது போல. ஆனால் அதற்கு முன்னால் எந்தக் காகிதம், எந்த ஐசிசி ப்ரொஃபைல் (அந்த மிஷினிலும் காகிதத்திலும் நிறம் எப்படி வரும் என்று சொல்லும் ஃபைல்) என்று அச்சகத்தில் கேட்டுவிடுங்கள். வழவழப்பான ஆர்ட் பேப்பரில் மை மேலேயே நிற்கும், சாதா பேப்பர் உறிஞ்சி நிறத்தை மங்கடித்துவிடும்.

வெள்ளைக் கோட்டுக்குக் காரணம் ப்ளீட், அதாவது வெட்டுக்கோட்டுக்கு வெளியேயும் நீளும் படம், விடாதது. கட்டிங்கில் கத்தி அரை மில்லிமீட்டராவது நகரத்தான் செய்யும். நாலு பக்கமும் 3 மிமீ கூடுதல் வேண்டும், ஆக ஃபைல் 154 x 216.

வண்ணக்கிறுக்கி:
ஓவியமே சரியாக ஓரத்தோடு முடிந்துவிடுகிறதே, 3 மிமீக்கு எங்கே போவேன்? கொஞ்சம் பெரிதாக்கினால் போதுமா?

மைத்துளி:
போதும். 104.1 சதவீதம் பெரிதாக்கினால் அகலம் 154ஐத் தொட்டுவிடும், 300 டிபிஐ 288 ஆகும், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மூலையில் கையெழுத்துப் போட்டிருந்தால் அதுவும் ஓரத்துக்குத் தள்ளப்படும், வெட்டுக்கோட்டிலிருந்து 5 மிமீ உள்ளே இழுத்து வையுங்கள்.

பழைய மிஷின்காரன்:
அட்டையில் எழுத்து இருக்கிறதா? இருந்தால் கறுப்பு எழுத்தை கே 100, அதாவது கறுப்பு மை மட்டும் நூறு சதவீதம், வையுங்கள். ஆர்ஜிபி கறுப்பை மாற்றினால் நாலு மையும் கலந்துவிடும், ரிஜிஸ்டர் (நாலு மையும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காருவது) ஒரு நூல் விலகினாலே எழுத்தைச் சுற்றிக் கலர் நிழல் தட்டும். நான் ஒருமுறை இதைக் கவனிக்காமல் ஒரு கட்டு அழைப்பிதழையே எடைக்குப் போட்டேன் (மிஷின் மேல் பழி போட்டுப் பார்த்தேன், எடுபடவில்லை). எழுத்தை ஜேபெக்கில் கொடுக்கவே கொடுக்காதீர்கள், விளிம்பு பிசிறும். பிடிஎஃப் கொடுங்கள்.

எழுத்தாணி:
தமிழ் எழுத்து என்றால் இன்னொன்று. இன்டிசைனில் (பக்க வடிவமைப்பு மென்பொருள்) வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற அமைப்பைப் போடாவிட்டால் 'கொ' உடைந்து கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். எழுத்தை அவுட்லைன் (வெறும் கோட்டுருவம்) ஆக்கிவிட்டால் அச்சகத்துக் கணினியில் ஃபான்ட் இல்லை என்ற தொல்லை போகும், ஆனால் அப்புறம் ஒரு எழுத்துப்பிழைகூடத் திருத்த முடியாது, அதனால் மூல ஃபைலைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வண்ணக்கிறுக்கி:
சரி, மெஜந்தாவைக் குறைத்துப் பார்த்தேன், ஸ்க்ரீனில் நீலம் கொஞ்சம் சோகமாகத் தெரிகிறது.

மைத்துளி:
ஸ்க்ரீன் வெளிச்சத்தைக் குறைத்துவிட்டுப் பாருங்கள். மொத்தமும் அடிக்கும் முன் அதே பேப்பரில் ஒரு ப்ரூஃப் (மாதிரி அச்சு) கேளுங்கள், அதைப் பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டுச் சரி சொல்லுங்கள்.