ரேட் லிமிட்டுக்கு ‘வீதவரம்பு’

வணக்கம்,

மெயில் சர்வர் கையேட்டில் ரேட் லிமிட்டுக்கு, அதாவது குறிப்பிட்ட நேரத்தில் இத்தனை மடல்தான் அனுப்பலாம் என்ற கட்டுப்பாட்டுக்கு, ‘அனுப்பும் அளவு’ என்று போட்டிருப்பதை மாற்றியே ஆகவேண்டும். அளவு என்றதும் படிப்பவருக்கு எம்பி கணக்குதான் ஞாபகம் வரும், அதற்கு போஸ்ட்ஃபிக்ஸ் என்னும் மெயில் சர்வர் மென்பொருளில் தனி அமைப்பே இருக்கிறது. ‘ஒதுக்கீடு’ என்றால் பெட்டியில் எவ்வளவு இடம் என்கிற கோட்டாவாகிவிடும். நாம் சொல்ல வருவது ஒரு மணி நேரத்தில் எத்தனை மடல் என்பதை, அதனால் சொல்லுக்குள்ளேயே நேரம் தொனிக்க வேண்டும்.

‘வீதவரம்பு’ என்று வைக்கலாம். வட்டி வீதம் என்பது எல்லாருக்கும் பழகியது, இலங்கையில் நாணயமாற்று வீதம் என்றே சொல்கிறார்கள். விகிதம் வேண்டாம், அது இரண்டு அளவுகளை ஒப்பிடுவது. மட்டுறுத்தல் எனக்குப் பிடித்த சொல்தான், ஆனால் அதை மாடரேஷனுக்குக் கொடுத்துப் பல வருஷமாகிறது.

இனி, யாருக்கு வரம்பு என்பது. இதில் நான் பட்டிருக்கிறேன். நான் பார்த்துக்கொண்ட ஓர் அலுவலகத்தில் ஒருவருடைய கடவுச்சொல் திருடுபோய், விடிவதற்குள் அவர் கணக்கிலிருந்து எரிதமாக, அதாவது ஸ்பாம் மடல்களாக, போய்க் குவிந்துவிட்டது. வரம்பு வைத்துத்தான் இருந்தேன், ஆனால் போஸ்ட்ஃபிக்ஸ் தன்னிடமுள்ள வரம்புகளை ஐபி முகவரிவாரியாக எண்ணும், வந்தவனோ ஏகப்பட்ட ஐபிகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பியிருக்கிறான், எந்த ஐபியும் வரம்பைத் தொடவே இல்லை. காலையில் எங்கள் சர்வர், எரிதம் அனுப்பும் சர்வர்களின் தடைப்பட்டியலில் இருந்தது. பயனர்வாரியாக எண்ண, போஸ்ட்ஃபிக்ஸ் 2.1 பதிப்பில் வந்த பாலிசி சேவையைத்தான் (மடலை ஏற்கலாமா என்று போஸ்ட்ஃபிக்ஸ் கேட்கும் தனி நிரல்) நாடவேண்டும், உள்நுழைந்தவர் பெயர் அதற்குப் போகும். எக்ஸிம் என்ற இன்னொரு மெயில் சர்வரில் ரேட்லிமிட் விதியிலேயே அந்தப் பெயரை எண்ணுவதற்கான சாவியாகக் கொடுத்துவிடலாம். அப்புறம், பெறுநர்களையும் எண்ணுங்கள்: ஒரே மடலை 200 பேருக்கு அனுப்பினால் அதை 200 என்றே கொள்ள வேண்டும்.

ஆகவே முழுச்சொல் ‘பயனர்வாரி வீதவரம்பு’. ஆத்தென்டிகேட்டட் யூசருக்கு ‘அங்கீகரிக்கப்பட்ட பயனர்’ என்று எழுதியிருக்கிறோம், அது அனுமதி பெற்றவர் என்ற பொருளைத் தருகிறது, இங்கே ஆள் யார் என்று உறுதியானால் போதும். ‘உள்நுழைந்த பயனர்’ என்று எளிமையாகவே வைப்போம்.

வரம்பு தாண்டும்போது சர்வர் 450 என்ற பதில் குறியீட்டைக் கொடுத்தால் அது தற்காலிக மறுப்பு, 550 என்றால் ஒரேயடியாக மறுப்பு. முதலாவதற்கு ‘ஒத்திவைப்பு’ என்று போட்டிருக்கிறேன், ஆனால் தண்டர்பேர்ட் மாதிரி மெயில் செயலியிலிருந்து அனுப்புபவருக்கு அது பிழைச்செய்தியாகத்தான் தெரியும், மறுபடி அனுப்பும் வேலை அவர் தலையில்தான் விழும். ‘பிறகு முயல்க’ என்பதே அவருக்குப் புரியுமோ? இதற்கு மட்டும் உங்கள் கருத்து வேண்டும்.