வேலை பார்த்துக்கொண்டே வெளிநாட்டில் ஊழியம் செய்கிறவர்களை எப்படித் தாங்குவது?

கேள்வி: யு.கே. வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. ஊர்ச் சபையிலிருந்து ஒரு நர்ஸ் அக்காவும் இன்ஜினியரான அவர் கணவரும் நேபாளத்துக்கு வேலைக்குப் போகிறார்கள். பவுல் கொரிந்துவில் செய்த மாதிரி கூடாரத் தொழில் ஊழியம். மாதாமாதம் ஏதாவது அனுப்ப ஆசை. எந்த வழி நல்லது?

பதில் 1: முதலில் எதற்குப் பணம் தேவை என்று அவர்களிடமே கேளுங்கள் பிரதர். சம்பளம் வருவதால் அரிசி பருப்புக்குக் குறையிருக்காது. இடிப்பது வேறு இடங்களில்: சம்பளமில்லாமல் மொழி படிக்கும் முதல் மாதங்கள், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், மருத்துவக் காப்பீடு, ஊருக்கு வர டிக்கெட். இவற்றில் ஒன்றை முழுசாக ஏற்றுக்கொண்டால் அவர்களுக்கும் கணக்குப் போட வசதி.

அவர்களை அனுப்பும் அமைப்பு யு.கே.யில் பதிவான அறக்கட்டளை என்றால் கிஃப்ட் எய்ட் படிவம் கொடுங்கள். நீங்கள் தரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசிடமிருந்து 25 பென்ஸ் அவர்களுக்குப் போகும். அந்த வரி ஆண்டில் (ஏப்ரல் 6 முதல் ஏப்ரல் 5 வரை) அந்த அளவுக்காவது நீங்கள் வரி கட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் குறைகிற தொகையை எச்.எம்.ஆர்.சி. (யு.கே. வரித்துறை) உங்களிடமே கேட்கும். பாதி வருடத்தில் வந்தவர்கள் பே ஸ்லிப்பைப் (சம்பளச் சீட்டு) பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். தனி ஆளின் கணக்குக்கு நேராக அனுப்பினால் கிஃப்ட் எய்ட் கிடையாது.

ஊரில் உள்ள டிரஸ்டுக்கு அனுப்புவதென்றால் உங்கள் பாஸ்போர்ட்தான் முக்கியம். இந்தியக் குடியுரிமை இருக்கும்வரை, சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தருவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகலை டிரஸ்டிடம் கொடுத்து வையுங்கள். பிரிட்டிஷ் குடியுரிமை பெற்ற நாளிலிருந்து, ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) இருந்தாலும், அதே பணம் எப்.சி.ஆர்.ஏ.வுக்குள் (இந்தியாவின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) வந்துவிடும். டிரஸ்டுக்கு அந்தப் பதிவு இருக்க வேண்டும், பணமும் டெல்லி எஸ்.பி.ஐ. முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான் விழ வேண்டும். குடியுரிமை மாறிய பிறகும் பழைய ஸ்டாண்டிங் ஆர்டர் (வங்கி மாதாமாதம் தானாக அனுப்பும் ஏற்பாடு) தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. மாட்டிக்கொள்வது டிரஸ்ட்.

இன்னொன்று: இந்திய டிரஸ்ட் நாட்டுக்கு வெளியே செலவழித்தால் அதன் வருமான வரி விலக்கு அடிபடும். நேபாளத்துக்கான பணத்தை ஊர் வழியாகச் சுற்றிவிட வேண்டாம்.

பதில் 2: பணத்தைவிட, அவர்களைப் பற்றி வெளியே பேசாமல் இருப்பதுதான் பெரிய உதவி. நேபாளத்தின் 2015 அரசியலமைப்பு 26ஆம் பிரிவு பிறரை மதம் மாற்றுவதைத் தடை செய்கிறது. தண்டனைச் சட்டம் 158ஆம் பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம். வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்து 7 நாளுக்குள் நாடு கடத்தல்.

அதனால் பெயர், ஊர், ஆஸ்பத்திரி, போட்டோ எல்லாவற்றையும் சேர்த்து வாட்ஸ்அப் குழுவிலோ சபைப் பத்திரிகையிலோ போடாதீர்கள். ஒரு ஃபார்வர்டு போதும். பார்க்கப் போகிறவர்கள் பெட்டியில் சுவிசேஷக் கைப்பிரதிகளை அடைத்துக்கொண்டு போவதும் வேண்டாம்; நீங்கள் ஒரு வாரத்தில் திரும்பிவிடுவீர்கள், விசாரணைக்கு நிற்பது அவர்கள்.

“எத்தனை பேர் ரட்சிக்கப்பட்டார்கள்?” என்று கேட்கவே கேட்காதீர்கள். வார்டில் முழு ஷிப்ட் நின்று நேர்மையாக வேலை பார்ப்பதும் அவர்கள் ஊழியம்தான். எண்ணிக்கை கேட்டு நெருக்கினால் வேலையில் கவனம் குறையும், வேலை போனால் விசாவும் போகும். பேருக்கு ஒரு கம்பெனி தொடங்கி விசா வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் காசு கொடுக்காதீர்கள். பொய்யில் தொடங்கிய ஊழியத்துக்குக் காணிக்கை எதற்கு?

பதில் 3: துபாய், அபுதாபி பக்கம் இருக்கிறவர்கள் கவனிக்க: அனுமதி இல்லாமல் நிதி திரட்டுவது அமீரகத்தில் 2021 சட்டப்படி குற்றம், ஃபேஸ்புக்கில் கேட்டாலும் சரி. அறையில் கூடும் ஜெபக்குழுவில் உண்டியல் சுற்றாதீர்கள். சவுதியில் சர்ச்சே கிடையாது, அங்கே கூடுதல் எச்சரிக்கை.

ஊழியத்துக்குப் போனவர்கள் லீவில் ஊருக்கு வந்ததும் சாட்சி சொல்லச் சொல்லி சபை சபையாக இழுத்துக்கொண்டு போவது நம் பழக்கம். முதல் இரண்டு வாரம் மைக்கைக் கையில் கொடுக்காதீர்கள். தூங்கட்டும், பல் டாக்டரைப் பார்க்கட்டும், பிள்ளைகள் தாத்தா பாட்டியோடு இருக்கட்டும். அந்த வாரங்களுக்கு ஒரு வாடகைக் காரை ஏற்பாடு செய்து கொடுத்தால் நல்லது.