மறுமொழி: விகிதத் தடுக்கிதழா, தணிப்பு வால்வா?

அனைவருக்கும் வணக்கம்.

பின்பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தை மட்டுப்படுத்தும் ‘ப்ரொபோர்ஷனிங் வால்வு’க்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். ஐயா முதல் மடலில் முன்வைத்த ‘விகிதத் தடுக்கிதழ்’ பற்றி எழுதுகிறேன். ப்ரொபோர்ஷனிங் வால்வு என்ற ஆங்கிலப் பெயருக்கு அது நேர்மையான பெயர்ப்புதான். சிக்கல் அந்த ஆங்கிலப் பெயரிலேயே இருக்கிறது. வண்டிக்கு அடியில் படுத்திருப்பவரை அது தவறான பக்கம் திருப்பிவிடும். எங்களைத் திருப்பிவிட்டது.

நண்பர் ஒருவர் 1966 ஃபோர்டு மஸ்டாங் கார் வைத்திருக்கிறார். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். முன்னால் மட்டும் டிஸ்க்குக்கு மாற்றினோம். பெடலை மிதித்ததும் பிரேக் எண்ணெயைக் குழாய்களுக்குத் தள்ளும் பழைய ஒற்றை அறை மாஸ்டர் சிலிண்டரை எடுத்துவிட்டு இரட்டை அறை போட்டோம். மஸ்டாங்கில் 1967 மாடலில்தான் அது வந்தது. முன்குழாய் தனி, பின்குழாய் தனி என்று பிரித்தோம். பின்குழாயின் நடுவே, கையால் திருகும் ப்ரொபோர்ஷனிங் வால்வைப் பொருத்தினோம். தொழிற்சாலையிலேயே டிஸ்க்கோடு வந்த அந்தக் கால மஸ்டாங்குகளிலும் பின்குழாயில் இப்படி ஒரு வால்வு உண்டு. அதில் திருகு மட்டும் கிடையாது.

ஓட்டிப் பார்த்தால் முன்பிரேக் பிடிக்கவே இல்லை. ‘விகிதம்’ என்ற சொல் எங்கள் மண்டையில் இருந்தது. விகிதம் என்றால் பங்கு. பின்னால் பங்கைக் குறைத்தால் முன்னால் பங்கு கூடும் என்று நினைத்து, அரை நாள் அந்தத் திருகையே திருகிக்கொண்டிருந்தோம். ஒரு மாற்றமும் இல்லை. கடைசியில் பார்த்தால், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் முன் காலிப்பர்களை இடம் வலம் மாற்றி மாட்டியிருக்கிறோம். காற்று எடுக்கும் திருகு மேலே இருக்க வேண்டியது கீழே போய்விட்டது; காற்று முழுக்க மேலேயே தங்கிவிட்டது. மாற்றி மாட்டிக் காற்றை எடுத்ததும் பெடல் கல் மாதிரி நின்றது.

இந்த வால்வு எதையும் பங்கு போடுவதில்லை. முன்குழாயை அது தொடுவதே இல்லை. பின்குழாயிலும் ஒரு குறிப்பிட்ட அழுத்தம் வரும்வரை சும்மா இருக்கும். வருவதை அப்படியே விடும். அதற்கு மேல்தான் வேலை. உள்ளே ஒரு ஸ்பிரிங், இரண்டு பக்கமும் வேறு வேறு பரப்புள்ள சிறு பிஸ்டன். அழுத்தம் ஸ்பிரிங்கை வென்றதும் பிஸ்டன் நகர்ந்து வழியை மூடும். மேலும் மிதித்தால் கொஞ்சம் திறக்கும், திரும்ப மூடும். அதனால் பின்னால் அழுத்தம் ஏறும், ஆனால் மெதுவாக ஏறும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சதுர அங்குலத்துக்கு 500 பவுண்டில் வேலை தொடங்குகிறது, அதன் பிறகு சாய்வு 0.43, அதாவது முன்னால் ஒரு பவுண்டு ஏறினால் பின்னால் 0.43 மட்டும் ஏறும் என்று வைத்துக்கொள்வோம். முன்னால் 400 என்றால் பின்னாலும் 400. முன்னால் 1000 ஆகும்போது பின்னால் 500 உடன் மீதி 500இல் 215 மட்டும் சேர்ந்து 715. திருகைத் திருப்பினால் மாறுவது அந்த 500 மட்டும்தான், ஏனென்றால் திருகு தொடுவது ஸ்பிரிங்கை. 0.43 என்ற விகிதம் பிஸ்டனின் பரப்பிலேயே அமைந்துவிட்டது, அதை யாரும் திருக முடியாது. ஆக, பெயரில் இருக்கும் விகிதம் என்ற ஒன்றைத்தான் பொருத்துபவரால் மாற்றவே இயலாது!

எதற்காக இதை வைக்கிறோம் என்பதும் பெயருக்கு முக்கியம். டிரம்மில் சுழற்சியே, உள்ளே உரசிப் பிடிக்கும் ஷூவை இழுத்து இறுக்கும். டிஸ்க்கில் அந்த உதவி இல்லாததால் அழுத்தம் கூடுதலாக வேண்டும். அந்தக் கூடுதல் அழுத்தம் அப்படியே பின் டிரம்முக்கும் போகும். ஓங்கி மிதிக்கும்போது எடை முன்னால் சாய்ந்து பின் டயரின் பிடி ஏற்கெனவே குறைந்திருக்கும். பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டி சுழன்றுவிடும். முன்சக்கரம் பூட்டினால் ஸ்டியரிங் கேட்காது, ஆனாலும் வண்டி பெரும்பாலும் நேராகப் போகும். முன்சக்கரம் சற்று முந்திப் பூட்ட வேண்டும். அதற்குத்தான் பின்னால் தணிக்கிறோம்.

அதனால் என் பரிந்துரை: பின்பிரேக் தணிப்பு வால்வு. சுருக்கமாக, தணிப்பு வால்வு. தாகம் தணிகிறது, காய்ச்சல் தணிகிறது என்கிறோம். தணிப்பது என்றால் அடியோடு நிறுத்துவதில்லை, மட்டுப்படுத்துவது. தடுக்கிதழ் என்றால் தடுப்பது, இதழ் போன்ற மூடி. இங்கே இரண்டும் இல்லை. வால்வுக்கு ‘ஓரதர்’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அதர் என்ற பழஞ்சொல் மீண்டு வருவதில் எனக்கும் ஆசைதான். ஆனால் ஓர் அதர் என்பது ஒரே வழி. பெடலை விட்டதும் எண்ணெய் இதே வால்வு வழியாகத் திரும்பி வந்தாக வேண்டும்; வராவிட்டால் பின்சக்கரம் பிடித்தபடியே நிற்கும். ஒருபக்கம் மட்டும் விடும் வால்வுக்கு அந்தச் சொல்லை வைத்துக்கொள்வோம்.

வால்வுக்கு அக்கா சொன்ன ‘மடை’யைக் கைவிட மனமே வரவில்லை, இரண்டு நாள் யோசித்தேன். நம் மண்ணின் சொல், வாய்க்கும் இனிது. ஆனால் ஒரு மடையை அடைத்தால் தண்ணீர் அடுத்த வயலுக்குப் பாயும். பின்னால் குறைத்தால் முன்னால் கூடும் என்ற அதே தப்பு எண்ணத்தை மடையும் கொண்டுவந்துவிடும். வால்வு என்ற சொல் சைக்கிள் டியூப் முதல் இதயம் வரை எல்லோருக்கும் தெரிந்தது, அது இருக்கட்டும்.

இன்னொன்று, இதன் உறவுக்காரர்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பின் டிரம் ஷூவின் ஸ்பிரிங்கைத் தாண்டி ஷூ நகரும்வரை முன் டிஸ்க்கைக் காக்கவைக்கும் மீட்டரிங் வால்வை ‘அளவு வால்வு’ என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. அதற்கு ‘முன்பிரேக் தாமத வால்வு’. இந்த இரண்டு வால்வும் பிரேக் எச்சரிக்கை விளக்கின் சுவிட்சும் ஒரே பித்தளைக் கட்டையில் இருந்தால் ‘கூட்டு வால்வு’. அப்போது ‘கூட்டு வால்வில் ஏற்கெனவே தணிப்பு இருந்தால், பின்குழாயில் இன்னொரு தணிப்பு வால்வைச் சேர்க்காதீர்கள்’ என்ற எச்சரிக்கையைத் தமிழில் ஒரே வரியில் எழுதிவிடலாம். இரண்டு முறை தணித்தால் பின்பிரேக் இருந்தும் பயனில்லை.

அப்புறம், வால்வு தணிக்கத் தொடங்கும் அந்த 500 பவுண்டு இருக்கிறதே, அதை ஆங்கிலத்தில் முழங்கால் (நீ) என்கிறார்கள். ‘மடங்குப் புள்ளி’ என்று எழுதிப் பார்த்தேன், இருமடங்கு மும்மடங்கோடு குழம்புகிறது. ‘முறிவுப் புள்ளி’ என்றால் குழாய் உடைந்தது போல் இருக்கிறது. இப்போதைக்கு ‘தணிதொடக்க அழுத்தம்’ என்று குறித்து வைத்திருக்கிறேன். கொஞ்சம் நீளம். குறுகிய சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.